உடுக்குறி (*): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசைப்பலகையில் 8-க்கு மேலே இருக்கும் சின்னப் பூ. விளம்பரத்தில் பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும், எக்செலில் பெருக்கும், வாட்ஸ்அப்பில் எழுத்தைத் தடிமனாக்கும், ரூபாய் நோட்டில் வந்தால் செல்லுமா செல்லாதா என்று கடைக்காரரை யோசிக்க வைக்கும். தனக்கென்று ஒரு பொருளும் இல்லாத குறி இது. எங்கே நிற்கிறது, படிப்பது மனிதரா கருவியா என்பதை வைத்துத்தான் பொருள். இதில் நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை மனிதருக்காகப் போட்டதைக் கருவி தனக்கென்று எடுத்துக்கொள்வதால் வருபவை.

இதற்குத் தமிழில் சரியான பெயர் எது?

உடுக்குறி. உடு என்றால் விண்மீன். நிலவுக்கு உடுபதி என்று பெயர் வந்ததும் அதனால்தான். நட்சத்திரக் குறி, விண்மீன் குறி என்றும் எழுதுகிறார்கள், எல்லாம் சரிதான். பேச்சில் 'ஸ்டார்'. ஆங்கிலப் பெயரான அஸ்டெரிஸ்க் 'சிறு விண்மீன்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பொதுமக்களுக்கான வழிமுறைக் குறிப்பு எழுதும்போது எந்தப் பெயரைப் போட்டாலும், முதல் முறை குறியையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்: 'நட்சத்திரக் குறியை (*) அழுத்தவும்'. ஸ்டாரையும் ஹேஷையும் (#) மாற்றி அழுத்துவோர் நிறையப் பேர்.

முதன்முதலில் எதற்குப் பயன்பட்டது?

மெய்ப்புத் திருத்தத்துக்கு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தில் ஹோமரின் காவியங்களைப் பதிப்பித்த அரிஸ்டார்க்கஸ், வேறோர் இடத்திலும் திரும்ப வரும் வரிகளுக்குப் பக்கத்தில் இதைப் போட்டார். இடைச்செருகல் என்று ஐயப்பட்ட வரிகளுக்கு 'ஓபெலஸ்' என்ற கோடு. பின்னர் கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன், விவிலியத்தின் பழைய ஏற்பாட்டை ஆறு பத்திகளாக ஒப்பிட்டபோது, எபிரேயத்தில் இருந்து கிரேக்க மொழிபெயர்ப்பில் விடுபட்டுப் போன பகுதிகளைச் சேர்த்து உடுக்குறியால் அடையாளமிட்டார்.

கைபேசியில் இது எங்கே இருக்கிறது?

ஆண்ட்ராய்டின் ஜிபோர்டில் '?123' விசையைத் தட்டினால் முதல் பக்கத்திலேயே. ஐபோனில் '123', அதன்பின் '#+='. கணினியில் ஷிஃப்ட்டும் 8-உம். எண்பலகை இருந்தால் அதில் தனி விசையே உண்டு.

அடிக்குறிப்புக்குப் போடும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு குறிப்புகள்தான் என்றால் உடுக்குறி போதும். அதற்கு மேல் போனால் மரபான வரிசை ஒன்று உண்டு: *, †, ‡, §, ‖, ¶. அதுவும் தீர்ந்தால் அதே குறிகளை இரண்டிரண்டாகப் போட்டு இரட்டிப்பார்கள். நடைமுறையில் மூன்றைத் தாண்டினால் எண்களுக்கு மாறிவிடுவது நல்லது. § என்பதைப் பார்த்து எந்தக் குறிப்பு என்று தேடும் பொறுமை இன்றைய வாசகருக்கு இல்லை.

அட்டவணையில் மட்டும் நிலைமை தலைகீழ். 12 என்ற தொகைக்கு மேலே சிறிய 2 போட்டால் பன்னிரண்டின் வர்க்கம் என்று படிப்பார்கள். எண்கள் நிறைந்த அட்டவணைக்கு உடுக்குறியும் †-உம்தான் பாதுகாப்பு.

முற்றுப்புள்ளி, காற்புள்ளிக்குப் பின்னால் குறி வரும், முன்னால் அல்ல. சொல்லுக்கும் குறிக்கும் இடையே இடைவெளி விடக்கூடாது. விட்டால் வரி மடங்கும் இடத்தில் குறி மட்டும் தனியாக அடுத்த வரிக்கு ஓடிவிடும். இன்னொன்று, பெரும்பாலான எழுத்துருக்களில் உடுக்குறி ஏற்கெனவே மேலே தூக்கித்தான் வரையப்பட்டிருக்கும். அதை மறுபடி மேலெழுத்தாக்கினால் குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கி, அச்சில் தூசி போலத் தெரியும். வேர்டில் அடிக்குறிப்புக் கட்டளையின் தனிக்குறி வசதியில் உடுக்குறியைக் கொடுத்தால் இதுதான் நடக்கிறது. குறியைத் தேர்ந்தெடுத்து மேலெழுத்தை எடுத்துவிடுங்கள்.

வலப்பக்கம் சீராக்கிய எண் பத்தியில் ஒரே ஓர் எண்ணுக்கு உடுக்குறி போட்டால் அந்த எண் மட்டும் ஓர் இலக்க அகலம் இடப்பக்கம் தள்ளிப் போகும். வேர்டில் தசமத் தாவல் வைத்தாலோ, குறிக்கென்று ஒட்டினாற்போல் ஒரு குறுகிய பத்தி விட்டாலோ சரியாகும்.

மெய்ப்பில் அதிகம் சிக்கும் பிழை அநாதைக் குறி: மேலே * இருக்கும், கீழே குறிப்பு இருக்காது, அல்லது மறுதலை. பத்தி ஒன்றை வெட்டும்போது குறிப்பை மறந்துவிடுவதால் வருவது. கோப்பில் * என்று தேடி எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு குறிக்கு ஒரு குறிப்பு என்ற கணக்கில் போட்டிருந்தால் எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும்.

விளம்பரத்தில் 'ரூ. 499* மட்டும்' என்று போட்டுவிட்டுக் கீழே பொடி எழுத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாமா?

இந்தியாவில் முடியாது. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் பொறுப்புத் துறப்புக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மேலே சொன்னதைக் கீழே உள்ள குறிப்பு விளக்கலாம், விரிக்கலாம், மறுக்கக்கூடாது. 'இலவசம்*' என்று பெரிதாகப் போட்டுவிட்டுக் குறிப்பில் 'ரூ. 300 சேவைக் கட்டணம்' என்று சேர்த்தால் அது விளக்கம் அல்ல, மறுப்பு. முக்கியமான தகவலைக் குறிப்புக்குள் ஒளிக்கவும் கூடாது. குறிப்பு எந்த மொழியில் என்பதும் அதிலேயே இருக்கிறது: வாக்குறுதி எந்த மொழியிலோ அதே மொழியில், அதே எழுத்துருவில். தமிழ் விளம்பரத்தின் அடியில் ஆங்கிலத்தில் நிபந்தனை அச்சிடும் பழக்கம் இந்த விதிக்கு முரணானது. புகார் செய்ய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வடிவமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு எதுவும் தெரிவதில்லை. எந்தத் தேதி வரை, எந்தக் கடைகளில், குறைந்தது எவ்வளவுக்கு வாங்கினால் என்பதை எழுதினால் வரும் தொலைபேசி அழைப்புகளும் குறையும்.

இணையப் படிவங்களில் சிவப்பு உடுக்குறி?

கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். படிவத்தின் தலையில் '* கட்டாயம்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்குச் சிவப்பு என்று ஒன்று இல்லை, 'ஸ்டார்' என்று மட்டும் காதில் விழும். பத்துக் கட்டத்தில் ஒன்பது கட்டாயம் என்றால், மீதி ஒன்றுக்கு 'விரும்பினால்' என்று எழுதுவது சுலபம்.

வாட்ஸ்அப்பில் உடுக்குறி போட்டும் எழுத்து தடிமனாகவில்லையே?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது இடைவெளி: *நாளை விடுமுறை* என்பது தடிமனாகும், * நாளை விடுமுறை * என்பது ஆகாது. குறி எழுத்தை ஒட்டியிருக்க வேண்டும். இரண்டாவது வரி முறிவு: முதல் வரியில் தொடங்கி மூன்றாவது வரியில் முடித்தால் வேலை செய்யாது, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகத் தொடங்கி முடியுங்கள். மூன்றாவது நம் மொழிக்கே உரியது. 'அரசுக்கு' என்பதில் 'அரசு' மட்டும் தடிமனாக வேண்டும் என்று *அரசு*க்கு என எழுதினால், முடிவுக் குறியை ஒட்டி இன்னோர் எழுத்து வந்து கெடுக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டித்தான் வரும் என்பது அந்தச் செயலிக்குத் தெரியாது. உருபையும் சேர்த்து *அரசுக்கு* என்றே போடுங்கள்.

வரியின் தொடக்கத்தில் * போட்டு ஓர் இடைவெளி விட்டால் அது பட்டியல் புள்ளியாக மாறும். இது 2024-இல் வந்த வசதி. டெலிகிராமில் தடிமனுக்குச் சொல்லின் இரு பக்கமும் இரட்டைக் குறி வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்ததை ஒட்டினால் எங்கு பார்த்தாலும் இரட்டை உடுக்குறி நிற்கிறது. எப்படி நீக்குவது?

அவை 'மார்க்டவுன்' என்ற எழுத்து முறையில் தடிமனைக் குறிப்பவை. அதைப் புரிந்துகொள்ளாத இடத்தில் ஒட்டும்போது அப்படியே நிற்கின்றன. வெறுமனே நீக்கினால் போதும் என்றால் கண்டுபிடி-மாற்று பெட்டியில் இரண்டு உடுக்குறிகளை ஒட்டிக் கொடுத்து, மாற்றுக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

தடிமனைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வேர்டில் ஒரு வழி உண்டு. கண்ட்ரோல்+எச் அழுத்தி, கூடுதல் தெரிவுகளில் 'வைல்ட்கார்டு பயன்படுத்து' என்பதை இயக்குங்கள். தேடும் கட்டத்தில் \*\*(*)\*\* என்றும், மாற்றும் கட்டத்தில் \1 என்றும் கொடுங்கள். மாற்றும் கட்டத்தில் கர்சர் இருக்கும்போதே கண்ட்ரோல்+பி அழுத்துங்கள்; கீழே 'தடிமன்' என்று காட்டும். பிறகு மாற்றலாம். இதில் \* என்பது உண்மையான உடுக்குறி, அடைப்புக்குள் இருக்கும் * 'இடையில் எது இருந்தாலும்' என்ற பொருளில். ஒரே வரியில் ஒரே குறி இரண்டு வேடம். எங்காவது ஒரு ஜோடி முடிவில்லாமல் விடுபட்டிருந்தால் அடுத்த பத்தி வரை தாவித் தடிமனாக்கிவிடும் என்பதால், 'அனைத்தையும் மாற்று' என்று அடிப்பதற்கு முன் நான்கைந்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

இதே மார்க்டவுனில் எழுதுவோர் கவனிக்க இன்னொன்று: *அரசு*க்கு என்பது அங்கே சரியாக வேலை செய்யும். ஆனால் *'அரசு'*க்கு என்று மேற்கோள் குறியும் சேர்ந்தால் செய்யாது. முடிவுக் குறிக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் வந்தால் அதை முடிவாக அது ஏற்பதில்லை. மேற்கோள் குறிகளை வெளியே எடுத்து '*அரசு*'க்கு என எழுதினால் தீர்ந்தது.

2*3*4 என்று எழுதினேன், திரையில் 234 என்று வந்தது. ஏன்?

அதே மார்க்டவுன்தான். இரண்டு குறிகளுக்கு நடுவில் மாட்டிய 3 சாய்வெழுத்தாகி, குறிகள் மறைந்துவிட்டன. உற்றுப் பார்த்தால் 3 சாய்ந்திருக்கும். 2\*3\*4 என்று முன்சாய்கோடு இல்லாமல் பின்சாய்கோடு போட்டு எழுதுங்கள், அல்லது × பயன்படுத்துங்கள்.

பெருக்கலுக்கு * போடுவதா × போடுவதா?

கணினிக்கு *, மனிதருக்கு ×. 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியிலேயே பெருக்கலுக்கு *, அடுக்குக்கு இரட்டை உடுக்குறி என்று வைத்துவிட்டார்கள். அந்தக் கால எழுத்துத் தொகுதியில் × இல்லை. இன்றும் பைத்தான் மொழியில் 2-க்கும் 10-க்கும் நடுவில் இரட்டை உடுக்குறி போட்டால் விடை 1024. ஆனால் அழைப்பிதழிலோ மனை விளம்பரத்திலோ '30 * 40 அடி' என்று அச்சிடுவது அழகில்லை. விண்டோஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண்பலகையில் 0215 அடித்தால் × வரும்.

எக்செலில் உடுக்குறியை நீக்கப் போய் முழுப் பத்தியும் காலியாகிவிட்டது!

முதலில் கண்ட்ரோல்+இசட். சேமித்து மூடுவதற்குள் செய்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். 'அரிசி*', 'துவரம்பருப்பு*' என்று சில பெயர்களின் வாலில் மட்டும் குறி இருக்கிறது. தேடும் கட்டத்தில் * போட்டு, மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டு 'அனைத்தையும் மாற்று' என்றால், எக்செல் அதை உடுக்குறி என்று படிப்பதில்லை. 'எத்தனை எழுத்தானாலும், எதுவானாலும்' என்று படிக்கிறது. எல்லாக் கட்டமும் பொருந்துகிறது, எல்லாம் போய்விடுகிறது. உண்மையான உடுக்குறியைத் தேட ~* என்று அலைக்குறியோடு கொடுக்க வேண்டும். கேள்விக்குறிக்கு ~?, அலைக்குறிக்கே ~~.

இந்தக் காட்டுத்தனமான ('வைல்ட்கார்டு') பொருத்தம் சில சூத்திரங்களிலும் உண்டு. நிபந்தனைப்படி எண்ணும் கவுண்ட்இஃப், கூட்டும் சம்இஃப் போன்றவற்றில் "*நகர்" என்று கொடுத்தால் அண்ணாநகர், அசோக் நகர் எல்லாம் சேரும். வசதிதான். ஆனால் இது உரைக்கு மட்டும். கைபேசி எண்கள் எண் வடிவில் சேமிக்கப்பட்டிருந்தால் "98*" என்ற நிபந்தனைக்கு விடை பூச்சியம்தான்; முதலில் அவற்றை உரையாக்க வேண்டும். பட்டியலில் தேடி விவரம் எடுக்கும் விலுக்அப்பில் (VLOOKUP) இன்னொரு கண்ணி: சரக்குக் குறியீட்டிலேயே '10*12' என்று உடுக்குறி இருந்தால், தேடும்போது '10-பெட்டி-12' என்ற வரியும் பொருந்தும், முதலில் கிடைத்த வரியின் விலை வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. பட்டியலில் சரக்குக் குறியீடு எழுதும்போதே × அல்லது - போட்டுப் பழகுவது மேல்.

காசோலையில் 12,500.00 போன்ற தொகைக்கு முன் வரிசையாக உடுக்குறிகள் அச்சாவது எதற்கு?

காலி இடத்தில் யாரும் ஓர் இலக்கத்தை நுழைத்துவிடாமல் இருக்க. எக்செலில் இதற்கென்றே வசதி இருக்கிறது: கட்டத்தின் தனிப்பயன் எண் வடிவத்தில் #,##0.00 என்பதற்கு முன்னால் இரண்டு உடுக்குறிகளை ஒட்டிக் கொடுங்கள். முதல் * 'அடுத்து வருவதைக் கட்டம் நிறையும் வரை திரும்பத் திரும்பப் போடு' என்ற ஆணை, இரண்டாவது * நிரப்ப வேண்டிய குறி. கையால் எழுதும் காசோலையில் தொகைக்குப் பின் /- போடுவதும் இதே முன்னெச்சரிக்கைதான்.

கோப்புகளைத் தேடும்போது தமிழ்ப் பெயர்களில் ஏன் எதிர்பாராதவை வருகின்றன?

'கட*' என்று தேடினால் கடன், கடல் மட்டுமா வரும்? கடை, கடிதம், கட்டணம் எல்லாம் வரும். நமக்கு ட, ட், டி, டை நான்கும் தனித்தனி எழுத்துகள். யூனிகோடில் ட என்ற எழுத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ தனித் துண்டாக நிற்கிறது. அந்தத் துண்டையும் * விழுங்கிவிடுகிறது. மாறாக, 'படம்*' என்று தேடினால் 'படங்கள்' வராது. இரண்டும் வேண்டுமென்றால் 'பட*' என்று கொடுத்து, 'பட்டியல்' போன்ற விருந்தாளிகளைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோளாறு ஒகர, ஓகார எழுத்துகளில். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே போலத் தெரியும், தேடலில் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இதை எதிர்பாருங்கள்.

லினக்ஸில் * போட்டுக் கோப்புகளை அழிக்கும் முன் அதே வடிவத்தை 'எல்எஸ்' கட்டளைக்குக் கொடுத்துப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். '*.பழையது' என்பதற்குப் பதிலாக '* .பழையது' என்று ஓர் இடைவெளி விழுந்தால், அந்தக் கோப்புறையில் உள்ள கிட்டத்தட்ட எல்லாக் கோப்பும் போய்விடும். அங்கே குப்பைத்தொட்டியும் கிடையாது.

நிரல் எழுதும்போது அதிகம் தடுமாறும் இடம்?

இரண்டைச் சொல்லலாம். ஒன்று, வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் 'கிரான்'. அதில் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, மாதத் தேதி, மாதம், கிழமை. * என்றால் 'ஒவ்வொன்றும்'. காலை 6 மணிக்கு ஒரு முறை ஓட வேண்டும் என்று நினைத்து * 6 * * * என்று எழுதினால், 6:00 முதல் 6:59 வரை நிமிடத்துக்கு ஒரு முறை, மொத்தம் 60 முறை ஓடும். குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் என்றால் வாடிக்கையாளர் வீட்டுக்கே வந்துவிடுவார். சரியானது 0 6 * * *.

மற்றொன்று, உரையில் ஒரு வடிவத்தைத் தேட உதவும் 'ரெஜெக்ஸ்' எனும் சுருங்குறித் தொடர். கோப்புத் தேடலில் * தனியாகவே 'எதுவும்'. இங்கேயோ 'முன்னால் இருப்பது பூச்சியம் அல்லது அதற்கு மேற்பட்ட முறை'. 'எதுவும்' வேண்டுமென்றால் .* என்று எழுத வேண்டும். தமிழில் க்* என்று எழுதினால் 'க்' திரும்பத் திரும்ப வருவதைப் பிடிக்கும் என்று நினைப்போம். முன்னால் இருப்பது புள்ளி மட்டும் என்று எடுத்துக்கொண்டு அது 'க'வையும் பிடிக்கும். (க்)* என அடைப்பிடுங்கள்.

கைபேசியில் *#06#, *21#, ##002# என்று அடிக்கிறோமே, இவற்றில் ஓர் ஒழுங்கு உண்டா?

உண்டு, ஜிஎஸ்எம் எனும் கைபேசி வலையமைப்புத் தரத்திலேயே எழுதப்பட்ட ஒழுங்கு. தொடக்கத்தில் * என்றால் இயக்கு, # என்றால் நிறுத்து, இரட்டை * என்றால் பதிவு செய்து இயக்கு, ## என்றால் பதிவையே அழி, *# என்றால் நிலை என்னவென்று சொல். நடுவில் வரும் எண் எந்தச் சேவை என்பதைக் காட்டும்: 21 எல்லா அழைப்புகளையும் திருப்புதல், 61 எடுக்காவிட்டால், 62 தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தால், 67 பேசிக்கொண்டிருந்தால், 43 அழைப்புக் காத்திருப்பு. கடைசியில் வரும் # 'முடிந்தது, அனுப்பு'. ஆகவே *#21# என்பது 'என் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திரும்புகின்றனவா?' என்ற கேள்வி, ##002# என்பது 'எல்லாத் திருப்பலையும் அழி'. *#06# மட்டும் கைபேசிக்குள்ளேயே முடிந்துவிடும், அந்தக் கருவியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் காட்டும். சிம் இல்லாமலும் வேலை செய்யும்.

இந்த ஒழுங்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது பாதுகாப்புக்கும் நல்லது. 'உங்கள் சிம்மில் கோளாறு, *401* அடித்து இந்த எண்ணைச் சேர்த்து # அழுத்துங்கள்' என்று யாராவது சொன்னால், அவர் கேட்பது உங்கள் அழைப்புகளைத் தன் எண்ணுக்குத் திருப்பச் சொல்லி. குரல்வழி வரும் ஓடிபியும் அவருக்கே போகும். இந்த மோசடி பெருகியதால் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் குறியீடு அடித்துத் திருப்புவதை நிறுத்திவைக்க நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஏமாந்துவிட்டால் உடனே ##002# அடித்துப் பாருங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ஐபோனில் எண் அடிக்கும்போது * விசையை அழுத்திப் பிடித்தால் காற்புள்ளி வரும். அது சிறு இடைநிறுத்தம். அலுவலக எண்ணுக்குப் பின் காற்புள்ளியும் உள்ளிணைப்பு எண்ணும் சேர்த்துச் சேமித்தால், மறுமுனை எடுத்ததும் உள்ளிணைப்பு எண்ணைத் தானே அழுத்திவிடும்.

தொலைபேசியில் இந்த விசை எப்போது வந்தது?

அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி 1963-இல் விற்பனைக்கு வந்தபோது பத்து விசைகள்தான். *, # இரண்டும் 1968-இல் சேர்ந்தன. * அழுத்தினால் 941, 1209 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் ஒன்றாகப் போகும். கூடவே நீங்கள் பேசினால் மறுமுனையில் இருக்கும் கருவி குழம்பக்கூடும்.

எண்ணுக்கு நடுவில் நட்சத்திரம் உள்ள ரூபாய் நோட்டு செல்லுமா?

செல்லும். அச்சில் ஒரு நோட்டு பழுதானால் அதன் இடத்தில் வைக்கும் மாற்று நோட்டு அது. முன்னெழுத்துகளுக்கும் எண்ணுக்கும் நடுவில் * இருக்கும். 2006-இல் 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் ரிசர்வ் வங்கி இதைத் தொடங்கியது. அத்தகைய கட்டில் 100 நோட்டுகள் இருக்கும், ஆனால் வரிசை எண்ணில் இருக்காது. புதிய 500 ரூபாயில் 2016 டிசம்பரில் வந்தது. கள்ளநோட்டு என்று சமூக ஊடகத்தில் பரவியதால், 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கியே மறுப்பு வெளியிட்டது.

நாடாளுமன்றத்தில் 'நட்சத்திரக் குறியிட்ட கேள்வி' என்றால்?

அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வரிசை எண்ணுக்கு முன்னால் உண்மையிலேயே * அச்சிடப்பட்டிருக்கும். குறி இல்லாதவற்றுக்கு எழுத்தில் பதில். வேறுபாடு துணைக்கேள்வியில்தான்: குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் பதில் சொன்னதும் உறுப்பினர்கள் குறுக்கிட்டுக் கேட்கலாம், எழுத்துப் பதிலைக் குறுக்கிட முடியாது. ஒரு நாளுக்கு மக்களவையில் 20, மாநிலங்களவையில் 15 குறியிட்ட கேள்விகளே பட்டியலாகும். கேள்வி நேரத்துக்குள் முறை வராதவற்றுக்கு எழுத்துப் பதில்.

கிரிக்கெட் ஸ்கோரில் ஓட்டத்துக்குப் பின் *, பெயருக்கு முன் * இரண்டும் ஒன்றா?

இல்லை. ஓட்டத்துக்குப் பின் வந்தால் ஆட்டமிழக்கவில்லை: 2004-இல் ஆன்டிகுவாவில் லாரா 400*, 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் கருண் நாயர் 303*. பெயரை ஒட்டி வந்தால் அணித்தலைவர். விக்கெட் காப்பாளருக்கு †. சராசரிக் கணக்கில் இந்தக் குறிக்கு வேலை உண்டு. ஐந்து ஆட்டங்களில் 240 ஓட்டம், அதில் இரண்டில் ஆட்டமிழக்கவில்லை என்றால் 240-ஐ ஐந்தால் அல்ல, மூன்றால் வகுக்க வேண்டும். சராசரி 80. குறியைத் தவறவிட்டுத் தட்டச்சிட்டால் 48 ஆகிவிடும்.

மொழியியல் நூல்களில் சொல்லுக்கு முன்னால் நட்சத்திரம் எதற்கு?

இரண்டு பொருள், இரண்டும் 'இது எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல' என்பதன் கிளைகள். வரலாற்று மொழியியலில் அது ஊகித்து மீட்ட வடிவம். தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. மூலத் திராவிடத்தில் *கெவி போன்ற ஒன்று இருந்து, இ, எ ஒலிகளுக்கு முன் வந்த ககரம் தமிழில் சகரமாயிற்று என்கிறார்கள். அந்த மூல வடிவத்தை யாரும் கல்வெட்டில் பார்த்ததில்லை, அதனால் நட்சத்திரம். இலக்கண ஆய்வில் அது பிழையான தொடர்: *நான் நேற்று வருவேன். மேற்கோள் காட்டும்போது இந்தக் குறியை விட்டுவிட்டால் ஆசிரியர் பிழை என்று காட்டியதை நீங்கள் சரி என்று சொன்னதாகிவிடும்.

ஆய்த எழுத்துக்குப் பதிலாக மூன்று நட்சத்திரம் போடலாமா?

கூடாது. ⁂ என்று மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக ஒரு குறி உண்டு. மேலைநாட்டு நூல்களில் பகுதி முறிவுக்குப் போடுவது. 'ஆகவே' என்ற கணிதக் குறி ∴ இன்னும் ஏமாற்றும். கண்ணுக்கு ஒன்று போலிருந்தாலும், 'அ∴து' என்று தட்டச்சிட்ட சொல்லை 'அஃது' என்று தேடினால் கிடைக்காது. கதையில் காட்சி மாறும் இடத்தில் * * * போடுவது தனி மரபு. அது பக்கத்தின் கடைசி வரியாக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு எங்கெல்லாம் வரும்?

ஜெர்மானிய நூல்களில் பிறந்த நாளுக்கு *, இறந்த நாளுக்கு †: ராமானுஜன் (* 22.12.1887, † 26.4.1920). ஆய்வுக் கட்டுரை அட்டவணைகளில் ஒரு * என்றால், முடிவு தற்செயலாகவே வரக்கூடிய வாய்ப்பைக் காட்டும் பி-மதிப்பு பொதுவாக 0.05-க்குக் கீழ், இரண்டு என்றால் 0.01-க்குக் கீழ், மூன்று என்றால் 0.001-க்குக் கீழ், ஆனால் அட்டவணையின் அடியில் சொல்லியிருப்பதே இறுதி. மரபணு அறிக்கையில் சிஒய்பி2சி19 என்ற மரபணுவுக்கு *1 என்றால் வழக்கமான வடிவம், *2 என்றால் செயலிழந்த வடிவம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் மருந்து *2 உள்ளவர்களின் உடலில் சரியாகச் செயலுறுவதில்லை என்பதால் அங்கே குறியை அடுத்த இலக்கத்தைத் தவறாகப் படியெடுக்கக்கூடாது.

கடவுச்சொல் உடுக்குறிகளாகத் தெரிகிறது, பாதுகாப்புதானே?

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பவரிடமிருந்து மட்டும். எத்தனை எழுத்து என்பதை அந்தக் குறிகளே சொல்லிவிடும். லினக்ஸ் முனையத்தில் பல இடங்களில் எதுவுமே தெரியாமல் வைத்திருப்பது அதனால்தான். வசைச்சொல்லை மறைக்கும்போதும் இதே கதை: முதல் எழுத்தை விட்டு, மீதி எழுத்துக்குச் சமமாகக் குறி போட்டால் வாசகர் நொடியில் ஊகித்துவிடுவார். மறைக்க வேண்டும் என்றால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே மூன்று குறி.

அரட்டையில் '*நாளை' என்று ஒற்றைச் சொல் வந்தால்?

முந்தைய செய்தியில் 'நாலை' என்று அடித்துவிட்டார். திருத்துகிறார், அவ்வளவுதான்.